கிழிய வேண்டிய தையல்

கண்ணு, இதை வண்டியில் உட்கார்ந்துகொண்டு படிக்காதே. சிக்னலில் போனை எடுத்துப் பார்க்கிற பழக்கம் உனக்கு உண்டு என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய், கைகால் கழுவி, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் படி. நீளமாகத்தான் இருக்கும். நேரில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று என் வாயை அடைத்துவிடுகிறாய். எழுதினால் அப்படி நடுவில் புகுந்து அடைக்க முடியாது பார். அதனால்தான் தோள்பட்டை வலியோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை நித்யாவைப் பிரசவத்துக்காக வேலூரில் அவள் அம்மா வீட்டில் விடப்போகிறாய். ஓசூரிலிருந்து வேலூர் வரைக்கும், அத்தனை லாரிகளுக்கு நடுவில், வயிற்றில் பிள்ளையோடு அவள் உன் பக்கத்தில் உட்கார்ந்து வரப்போகிறாள். அதற்குள் உன் காருக்கு நான் தைத்துப்போட்ட சீட் கவரை நீ அறுத்து எடுத்திருக்க வேண்டும். கேட்பது இவ்வளவுதான். கழற்றுகிறேன் கழற்றுகிறேன் என்று நீ இழுத்துக்கொண்டே போவதால் மற்றதையும் எழுத வேண்டியிருக்கிறது.

சின்ன வயதில் உனக்குப் பொம்மை வேண்டாம், மிட்டாய் வேண்டாம், காரைப் பற்றி யாராவது பேசினால் போதும். கம்பெனி பஸ் என்னை மாதனூர் கூட்டுரோட்டில் இறக்கிவிடும். நாள் முழுக்க ஷூவின் மேல்தோலைத் தைத்துத் தைத்து, கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கும். வீடு வரைக்கும் வாயைத் திறக்காமல் நடந்தால் போதும் என்றிருக்கும். நீ எதிரே ஓடிவந்து, கூடவே நடந்து, ஆரம்பித்துவிடுவாய். "அம்மா, பெட்ரோல் முள்ளு இருக்குதில்ல, அதுக்குப் பக்கத்துல குட்டியா ஒரு அம்புக்குறி போட்டிருப்பான். எந்தப் பக்கம் டேங்க் மூடி இருக்குதுன்னு அதப் பாத்தே சொல்லிடலாம்." நான் "ம்" என்பேன். நம் வீட்டில் அப்போது சைக்கிளுக்கே டியூப் ஒழுங்காக இல்லை. பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் இருந்தால் எனக்கென்ன? ஆனாலும் பார், காதில் விழுந்தது விழுந்ததுதான். இன்றைக்கும் யாருடைய காரில் ஏறினாலும் என் கண் முதலில் அந்த அம்புக்குறியைத்தான் தேடுகிறது. பழைய வண்டிகள் சிலவற்றில் அது இருக்காது. இல்லாவிட்டால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது.

பின் கதவுக் கண்ணாடி கதையை நீயே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாய். உன் அப்பாவை வேலூர் ஆஸ்பத்திரிக்கு வாடகை வண்டியில் கூட்டிப்போனபோது எனக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடியை இறக்கினால் பாதியில் நின்றுவிட்டது. ரிப்பேர் வண்டியைக் கொண்டுவந்துவிட்டான் என்று அந்த டிரைவரைப் பள்ளிகொண்டா வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன். அந்த ஆளும் பாவம், "எல்லா வண்டியும் அப்டித்தான் மா" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். அப்புறம் நீதான் வாசலில் நின்ற ஒரு காரைக் காட்டி விளக்கினாய். பின் சக்கரத்துக்கு இடம் விடுவதற்காகக் கதவின் கீழ்ப்பாதியை வளைத்து வெட்டியிருக்கிறார்கள்; முழுக் கண்ணாடியும் உள்ளே போய் நிற்க அங்கே இடம் இல்லை. தோல் வெட்டுகிறவர்களுக்கு இது உடனே புரிந்திருக்கும். ஒரு பக்கம் வளைத்தால் இன்னொரு பக்கம் குறையும். அன்றைக்கு என் மண்டையில் அது ஏறவில்லை, அவ்வளவு எரிச்சல்.

நீ கார் வாங்கி முதன்முதலில் நம் வாசலில் கொண்டுவந்து நிறுத்திய நாளும் நினைவிருக்கிறது. முன் கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. புது வண்டியில் தார் தெறித்திருக்கிறதே என்று முந்தானையை எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன். நித்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணாடியை ஒட்டியிருக்கிற பசை வெயிலில் கெட்டுப்போகாமல் இருக்க அந்தக் கறுப்புப் பட்டை என்றும், பட்டை சட்டென்று முடியாமல் மெல்லக் கரைவதற்காகப் புள்ளிகள் என்றும் சொன்னாய். பசைக்கு வெயில் ஆகாது என்று எனக்குச் சொல்லவேண்டுமா? உள்ளே உட்காரவைத்து, "புது வண்டி வாசனம்மா, இழுத்துப் பாரு" என்றாய். இழுத்துப் பார்த்தேன். பசையும் ரெக்சினும் பிளாஸ்டிக்கும் கலந்து அடிக்கிற வாசனை. எனக்கு அது கம்பெனியில் தினமும் இழுக்கிற வாசனைதான். உன் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று "நல்லாருக்குதுடா" என்றேன்.

அன்றைக்குச் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. திரும்பும்போது டிக் டிக் என்று விளக்குச் சத்தம் போடுகிறதே, பழைய வண்டிகளில் அது உள்ளே ஒரு சின்ன சாமான் தட்டுகிற நிஜச் சத்தம். இப்போது பல வண்டிகளில் அந்தச் சாமானே கிடையாது. ஆனால் சத்தம் கேட்டுப் பழகிவிட்டோம் என்று ஸ்பீக்கரில் டிக் டிக் என்று போட்டுவிடுகிறார்கள். கதவைச் சாத்தினால் கெட்டியாக ஒரு 'தப்' வருவதுகூட உட்கார்ந்து யோசித்து வரவைப்பது, தகரச் சத்தம் கேட்டால் வாங்குகிறவன் மனசு சுருங்கிவிடும் என்று. ஒருத்தர் மனசு நோகக்கூடாது என்பதற்காக இல்லாததை இருப்பதாகக் காட்டுவதற்கு இவ்வளவு பாடா என்று நினைத்தேன். நம் வீட்டிலும் அதே வேலைதான் நடந்துகொண்டிருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அந்தச் சாயங்காலமே சீட்டை அளவெடுத்துவிட்டேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் ஒருத்தர் கார் வாங்கிவிட்டால், சீட்டை அப்படியே விட்டுவிட்டு ஓட்டினால் நாலு பேர் கேட்பார்கள். ஊரெல்லாம் தோல், உன் வண்டியில் மட்டும் துணியா என்று. அதிலும் நான் மெஷினில் உட்கார்ந்து நரைத்தவள். என் பிள்ளையின் கார் ஒட்டுத்துணியோடு ஓடலாமா? பேரணாம்பட்டில் தடித் தோலாகப் பொறுக்கி வாங்கினேன். கம்பெனி முடிந்து வந்ததும் தெருமுனையில் பெல்ட் தைக்கிற பாய் கடைக்குப் போய் அவர் மெஷினில் உட்கார்ந்துவிடுவேன். கார் கம்பெனிக்காரர்கள் 'லெதர் சீட்' என்று சொல்லி உடம்பு படுகிற இடத்தில் மட்டும் தோல் வைத்துவிட்டு, பக்கவாட்டில் பெரும்பாலும் ரெக்சினைப் போட்டு ஏமாற்றுவார்கள். நான் ஏமாற்றவில்லை. சுற்றிவர முழுத் தோல். நைலான் நூல், எல்லா ஓரத்திலும் இரட்டைத் தையல். பாய் இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாமா இது, இவ்ளோ ஜாஸ்தியா தச்சிருக்க? யான உக்காந்தாலும் பிரியாது" என்றார். எனக்கு அது பாராட்டு. ஜிப் வைத்தால் அசிங்கமாகத் தெரியும் என்று, சீட்டில் மாட்டிய பிறகு முதுகுப்பக்கத்தைக் கையாலேயே தைத்து மூடினேன். அறுக்காமல் கழற்ற முடியாதபடி மூடினேன். நீ பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் கம்பெனியில் ஷூ ஆர்டர் கம்மியாகிவிட்டது. ஒரு ஹாலைக் காலிபண்ணி, கார் சீட்டுக்கு உறை தைக்கிற லைன் போட்டார்கள். பழைய ஆள் என்று என்னை அங்கே மாற்றினார்கள். இந்த வயதில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது எவ்வளவு அலுப்பு என்று உனக்குச் சொன்னால் புரியாது. லைனைப் பார்த்துக்கொள்வது நாட்றம்பள்ளிப் பெண், உன்னைவிடச் சின்னவள். சீட்டின் பக்கவாட்டில், கதவு ஓரமாக வருகிற ஒரு தையலுக்குத் தனி மெஷின், தனி நூல். நூலைக் கையில் வாங்கியதும் எனக்குப் பிடிக்கவில்லை. பலம் இல்லாத நூல். யாரோ ஸ்டோரில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, பக்கத்து மெஷினிலிருந்து கெட்டி நூலை எடுத்து, மேலே இன்னொரு வரிசை ஓட்டிக் கொடுத்தேன். நல்லது செய்கிறேன் என்ற நினைப்பு. என் பீஸ் திரும்பி வந்துவிட்டது.

"அக்கா, இது ரிஜெக்ட்" என்றாள் அவள்.

"ஏம்மா? எங்கயாவுது பிரிஞ்சிருக்குதா?"

"பிரியலக்கா, அதான் பேஜார். இது கிழியணும். இதுக்குள்ளதான் ஏர்பேக் இருக்குது. வண்டிய சைடுல வந்து ஒருத்தன் இடிச்சான்னா, கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள இந்தத் தையலக் கிழிச்சிட்டு வெளிய வரும். நீ கெட்டியா தச்சிட்டா அது எங்கக்கா வரும்?"

எத்தனை வருஷமாகத் தைக்கிறேன், தையல் பிரிந்ததற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன், பிரியாததற்காக வாங்கியது அன்றைக்குத்தான். ஷூவில் நாங்கள் தைத்ததை மெஷினில் மாட்டி இழுத்துப் பார்ப்பார்கள். எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவு நல்ல பெயர். இங்கே நல்ல நேரத்தில் தாங்க வேண்டும், கெட்ட நேரத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்கென்று நூலை எடைபோட்ட மாதிரி தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதையெல்லாம் அப்புறம்தான் யோசித்தேன். அந்த நிமிஷம் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. உன் கார் சீட்டுதான் கண் முன்னால் வந்தது. யானை உட்கார்ந்தாலும் பிரியாத தையலை உன்மேலும் நித்யாமேலும் போர்த்தி, கையால் மூடிவைத்துவிட்டு வந்திருக்கிறேன். மெஷினை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இடைவேளையிலேயே உனக்குப் போன் பண்ணினேன். "சரிம்மா, கழட்டிடறேன்" என்றாய். அடுத்த வாரம் கேட்டேன், "கழட்டிட்டேம்மா" என்றாய். நம்பினேன். போன ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு இருவரும் வந்து இறங்கினீர்கள். காருக்குள் இருந்த பழத்தட்டை எடுக்க நான் கதவைத் திறந்தால், என் தையல் என்னைப் பார்த்துப் பல்லிளிக்கிறது. நித்யாவை உள்ளே அனுப்பிவிட்டு உன் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இன்னாடா இது? கழட்டிட்டேன்னு சொன்ன?"

"கழட்டுறேம்மா. இன்னிக்கே போய் கழட்டலன்னா இன்னா இப்ப?"

"வயித்துப் பிள்ளைக்காரிய உக்கார வெச்சி ஓட்டினு வர்ற. வெளையாட்டா ஒனக்கு? அந்தத் தையல் கிழியாதுடா. உள்ள இருக்கறது வெளிய வராது."

நீ தலையைக் குனிந்துகொண்டு, "தெரியும்மா" என்றாய். "நீ போன் பண்ணி சொன்னப்போ இல்ல. நீ அளவெடுத்த அன்னிக்கே தெரியும். சீட்டு ஓரத்துல எழுதி லேபிளே தச்சிருக்கான்."

"தெரிஞ்சினே ஏன்டா போட வுட்ட?"

"நீ தோள்ல தைலம் தடவினு வந்து நிக்கிற. நான் எப்டிம்மா வேணான்னு சொல்றது?"

அதற்குள் உன் பெரியம்மா வளையல் தட்டைத் தேடிக்கொண்டு கூப்பிட்டுவிட்டாள். நானும் உள்ளே போய் நித்யாவுக்கு வளையல் அடுக்கினேன், சந்தனம் பூசினேன், எல்லாரோடும் சிரித்தேன். வாய்தான் சிரித்தது. இரண்டாவது பந்தி முடிவதற்குள் நீ ஓசூருக்குக் கிளம்பிவிட்டாய். அவளுக்கு இன்னும் லீவு ஆரம்பிக்கவில்லையாம். அந்தச் சீட்டிலேயே அவளை உட்காரவைத்துக் கூட்டிப்போனாய். நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று சொல்கிற வரைக்கும் என் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை.

கோபம் இருக்கிறது கண்ணு. ஆனால் கோபப்படவும் தெம்பு வேண்டும், அது இப்போது கம்மி. இந்தக் குணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று தேடவேண்டிய அவசியமே இல்லை. கல்யாணமான புதிதில் உன் அப்பாவுக்கு ஒரு ஜோடி செருப்புத் தைத்துக் கொடுத்தேன். அளவு தப்பு. மனுஷன் வாயே திறக்கவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்கப் போட்டுக்கொண்டு நடந்து, குதிகாலில் புண் வந்து, அது சீழ் வைத்து, டாக்டர் கேட்ட பிறகுதான் விஷயமே வெளியே வந்தது. "நீ ஆசையா தச்ச, அதான்" என்றார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், நீ மிச்சம் வைக்காமல் அதை எடுத்துக்கொண்டாய். அவர் காலில் வந்தது புண். ஆறிவிட்டது. உன்னுடையது அப்படி ஆறுகிற விஷயமா? அவர் தன் காலைத்தான் கொடுத்தார். நீ என் மனசு நோகாமல் இருக்க நித்யாவையும், இன்னும் முகம் பார்க்காத ஒரு குழந்தையையும் அல்லவா பணயம் வைக்கிறாய். அவளைக் கேட்டாயா? சீட்டுக்குள்ளே என்ன இருக்கிறது, அதை யார் தைத்து மூடியிருக்கிறார்கள் என்று ஒருநாளாவது அவளிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். அம்மாவை விட்டுக்கொடுக்கக் கூடாதாம்.

நீ அனுப்புகிற வாட்ஸப் செய்திகளையெல்லாம் நான் படிக்கிறேன். ஹெட்ரெஸ்டைக் கழற்றி அதன் கம்பியால் கண்ணாடியை உடைத்துத் தப்பிக்கத்தான் அதைக் கழற்றும்படி செய்திருக்கிறார்கள் என்று போன மாதம் ஒன்று வந்தது. அதற்குக் கீழே நீயே எழுதியிருந்தாய், அது கட்டுக்கதை, உயரத்துக்கு ஏற்றபடி ஏற்றி இறக்கத்தான் அந்தக் கம்பி, பின்னாலிருந்து இடித்தால் கழுத்து ஒடியாமல் தாங்கத்தான் அந்தத் தலையணை என்று. யாரோ முகம் தெரியாதவர்களின் கழுத்துக்காக அவ்வளவு அக்கறையாக மெனக்கெட்டு எழுதுகிறாய். உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்குச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. எனக்கு இதுதான் ஆறவில்லை.

என் மனசு என்ன ஆகும் என்றுதானே கவலைப்படுகிறாய்? சொல்கிறேன், கேட்டுக்கொள். நோகும். அறுத்து எடுத்த தோலைப் பார்த்தால் எனக்கு நோகத்தான் செய்யும். ராத்திரி கஞ்சி குடித்தபிறகு அது போய்விடும், இல்லை, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகும். உன் அப்பா போனதையே தாங்கிக்கொண்டு அதற்கப்புறம் ஷிப்டுக்குப் போனவள் நான். ஒரு சீட் கவர் போனால் செத்தா போய்விடுவேன்? பெரியவர்களை நீங்கள் இப்படிப் பொத்திப் பொத்தி வைப்பது எங்களுக்கு ரொம்பச் சுமையாக இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லக்கூட முடியாத அளவுக்கு நான் உனக்கு வேற்று ஆளா? நாளைக்குப் பேரப்பிள்ளைக்கு நான் ஏதாவது செய்து கொடுத்து அது ஆகாவிட்டால், அதையும் சிரித்துக்கொண்டே வாங்கி வைப்பாயா? அந்தப் பயத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மூஞ்சிக்கு நேராக "இது வேணாம்மா" என்று சொல்லப் பழகு. அடிக்க மாட்டேன். அடிக்கத் தோள் தூக்காது.

இந்தப் பக்கம் கார் வைத்திருக்கிற வேறு யார் வீட்டிலாவது இதைப் படித்தாலும் எனக்கு வெட்கம் இல்லை. படிக்கட்டும். கதவு ஓரமாகச் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று எழுதிய சின்ன லேபிள் இருக்கிறதா என்று போய்ப் பார்க்கட்டும். இருந்தால், மேலே போர்த்தியிருப்பது யார் ஆசையாகத் தைத்ததாக இருந்தாலும் எடுத்துவிடட்டும்.

இவ்வளவும் எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். உன்னை எனக்குத் தெரியும். படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மா பாவம் என்று இன்னும் கெட்டியாகத்தான் அந்தக் கவரைப் பிடித்துக்கொள்வாய். வியாழக்கிழமை ராத்திரி வரைக்கும் "சரிம்மா" வரும். அதனால் உனக்கு அனுப்புவதற்கு முன்னால் இதை நித்யாவுக்கு அனுப்பிவிட்டேன்.

படித்ததும் கார் சாவியோடு வாசலுக்கு வந்து போன் பண்ணினாள், நீ உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாயாம். நான் என்னென்னவோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அத்த, எந்தப் பக்கத்துல இருந்து வெட்டணும்?"

கதவு ஓரத்தில் கத்தரியைக் கொண்டுபோகாதே, முதுகுப்பக்கம் நடுவில் நான் கையால் தைத்திருக்கிறேன், மேலிருந்து கீழே அதை மட்டும் வெட்டு என்று சொல்லிக்கொடுத்தேன். "இருங்க அத்த" என்று போனைச் சீட்டின் மேலேயே வைத்துவிட்டாள். நூல் ஒவ்வொன்றாக அறுபடுகிற சத்தத்தைக் கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா